நான்கு ஆண்டுகள், 52,000 கிலோமீட்டர்: ஆட்டிசத்தோடு டர்பனில் கார் ஓட்டுவது

2021 செப்டம்பரில் வாங்கிய சின்னக் கார் இது. ஆட்டோமேட்டிக். நான் வாங்கும்போது அதற்கு இரண்டு வயது. இதுவரை 52,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். எந்தக் கார் நல்லது என்று சொல்வதற்காக எழுதவில்லை என்பதால் கம்பெனிப் பெயரை விட்டுவிடுகிறேன். எனக்கு ஆட்டிசம் இருப்பது 29 வயதில்தான் தெரியவந்தது. அதன் பிறகு ஓட்டக் கற்று, கார் வாங்கி, அதோடு வாழ்வது எப்படி இருக்கிறது என்று தமிழில் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன், கிடைக்கவில்லை. அன்று நான் தேடியதை இன்று எழுதுகிறேன்.

மதுரையில் இருந்தவரை சைக்கிளைத் தவிர எதையும் ஓட்டியதில்லை. திருமணமாகி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து, அங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் குடியேறினோம். வேலை பைன்டவுனில், ஒரு பரிசோதனைக் கூடத்தில். போய்வர மினிபஸ் டாக்சிதான். உள்ளே நெஞ்சுக்கூடு அதிரும் அளவுக்குப் பாட்டு ஓடும். ஒரு வரிசைக்கு நான்கு பேர், தோளோடு தோள் இடித்துக்கொண்டு. இறங்க வேண்டிய இடம் வந்தால் நாமே உரக்கச் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சொல்ல முடியாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்த நாட்கள் நிறைய. வேலைக்குப் போய்ச் சேரும்போதே அன்றைய தெம்பு முழுவதும் தீர்ந்திருக்கும். கார் எனக்கு ஆடம்பரமாக ஒருநாளும் தோன்றவில்லை.

முதல் பயம் சட்டத்தைப் பற்றியது. ஆட்டிசம் என்றால் லைசன்ஸ் கொடுப்பார்களா? தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தை எடுத்து நானே படித்தேன். கட்டுப்பாட்டில் இல்லாத வலிப்பு, கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, பார்வைக் குறை என்று லைசன்ஸ் பெறத் தடையான நிலைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. ஆட்டிசத்தின் பெயர் இல்லை. பாதுகாப்பாக ஓட்ட முடியாத அளவுக்கு எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்பதுதான் பொது விதி. அதை வாசித்த இரவு நன்றாகத் தூங்கினேன்.

எழுத்துத் தேர்வு எளிதாக இருந்தது. இங்கே கே53 என்ற முறைப்படிதான் எல்லாம். விதிகள், சாலைக் குறிகள், வாகனத்தின் பாகங்கள் என்று மூன்று பகுதிகள். எனக்கு விதி பிடிக்கும். அச்சில் இருப்பது நாளைக்கும் அப்படியே இருக்கும் என்பது பெரிய ஆறுதல். லேர்னர்ஸ் லைசன்ஸ் 24 மாதம் செல்லும். அந்தக் காலம் முழுவதுமே எனக்குத் தேவைப்பட்டது.

ஓட்டக் கற்றுக்கொடுக்க வந்த முதல் ஆசிரியர் கெட்டவர் இல்லை. ஆனால் ஓயாமல் பேசுவார். பேச்சின் நடுவே திடீரென்று, "இங்கே, இங்கே, திரும்புங்கள்!" என்பார். எந்த "இங்கே"? அந்தச் சொல் எனக்குப் புரிவதற்குள் திருப்பம் கடந்து போயிருக்கும். அவர் குரல் உயரும்; என் கை மரத்துப்போகும். நான்கு வகுப்புகளோடு நிறுத்தினேன். எனக்கு ஓட்டவே வராது என்று வீட்டில் அழுதேன்.

ஆறு மாதம் கழித்து அறுபது வயது ஆன்ட்டி ஒருவர் கிடைத்தார். சாட்ஸ்வொர்த்திலேயே வளர்ந்தவர். அவருடைய பாட்டி பேசிய தமிழில் பத்து இருபது சொற்கள் மட்டும் அவரிடம் மிச்சம். என் நிலையைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "அம்மா, நான் எப்படிச் சொன்னால் உனக்குக் கேட்கும்?" அதுவரை யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. முன்கூட்டியே சொல்லுங்கள், ஒருமுறை சொல்லுங்கள், பிறகு பேசாமல் இருங்கள் என்றேன். மறுநாளிலிருந்து, முதல் நாள் இரவே வழியை எழுதி அனுப்பத் தொடங்கினார். "முதல் ரோபோவில் இடது. இரண்டாவது ரோபோவில் நேர். கோயில் தாண்டி வலது." சிக்னல் விளக்கை இந்த ஊரில் ரோபோ என்பார்கள்.

பதற்றத்தில் இடது எது, வலது எது என்று எனக்குக் குழம்பும். ஆன்ட்டி என் கையைப் பார்த்தார். காவடி விரதத்துக்காகக் கட்டிய காப்புக் கயிறு இடது மணிக்கட்டில் இருந்தது. மஞ்சள் நிறம் பாதி வெளுத்திருந்தது. "இனிமேல் நான் இடது என்று சொல்லவில்லை. கயிற்றுப் பக்கம் என்கிறேன்" என்றார். அன்றிலிருந்து ஒருமுறைகூடத் தவறாகத் திரும்பியதில்லை. இன்றும் அந்தக் கையில் ஒரு மஞ்சள் நூல் கட்டியிருக்கிறேன்.

ஓட்டும் தேர்வில் முதல் தடவை தோற்றேன். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் ஒரு சாண் உருண்டது. கே53-இல் பின்னால் உருண்டால் அத்தோடு முடிந்தது. கிளட்ச், கியர், ஹாண்ட்பிரேக், கண்ணாடிகள், பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கும் அதிகாரி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் என்னால் ஏந்த முடியவில்லை. ஆட்டோமேட்டிக்குக்கு மாறினேன். ஆட்டோமேட்டிக்கில் தேறினால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம் என்று லைசன்ஸ் அட்டையில் குறித்துவிடுவார்கள். அரை லைசன்ஸ் என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார். அது எனக்கு இன்றும் வலிக்கிறது. கிளட்சுக்குப் போய்க்கொண்டிருந்த கவனம் முழுவதும் சாலைக்குத் திரும்பியதால்தான் நான் இன்று ஓட்டுகிறேன். உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ ஆட்டிசம் இருந்தால் கியர் வண்டியில் போராடி ஆண்டுகளை வீணாக்காதீர்கள்.

கே53 கேட்கும் கண்ணாடிப் பார்வைகள் பலருக்கு எரிச்சல். நடுக்கண்ணாடி, பக்கக் கண்ணாடி, தோள் திருப்பி மறைவிடம் என்று ஒவ்வொரு அசைவுக்கும் முன் வரிசையாகப் பார்க்க வேண்டும். எனக்கு அது புள்ளிக் கோலம் மாதிரி. புள்ளிகளை வைத்துவிட்டால் கோடு தானாக வரும். இரண்டாம் முறை தேறினேன்.

விதிகள் முடியும் இடத்தில்தான் சிரமம் தொடங்கியது. நான்கு பக்கமும் நிறுத்தக் குறி உள்ள சந்திப்பில் முதலில் வந்தவர் முதலில் போக வேண்டும். ஆனால் முதலில் வந்தவர் கையை அசைத்து என்னைப் போகச் சொல்வார். போகலாமா? அவர் என்னிடம்தான் சொல்கிறாரா? 2022, 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது ரோபோக்கள் அணைந்துவிடும். அணைந்த சந்திப்பு ஒவ்வொன்றும் இப்படி ஒரு பேச்சுவார்த்தையாகிவிடும். நான் எனக்கென்று ஒரு விதி வகுத்துக்கொண்டேன். என் முறை என்றால் போவேன். என் முறை இல்லாதபோது கை அசைத்தால், மனத்துக்குள் மூன்று எண்ணி, மற்ற இரு பக்கமும் வண்டிகள் நிற்கின்றனவா என்று பார்த்தபின் போவேன். பின்னால் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

ஹாரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். டாக்சிகள் அடிக்கும் ஒவ்வொரு குட்டி ஹாரனும் என்னைத் திட்டுவதாக நினைத்து ஒரு வருடம் நடுங்கினேன். அது நடைபாதையில் நிற்பவரிடம், வருகிறீர்களா என்று கேட்கும் ஹாரன் என்று ஆன்ட்டிதான் சொன்னார். அது தெரிந்த நாளிலிருந்து அந்தச் சத்தம் பாதியாகக் குறைந்தது போல் இருந்தது. இன்னொரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. மெதுவாகப் போகும் வண்டி சாலையோர மஞ்சள் கோட்டுக்கு ஒதுங்கி வழிவிடும். முந்திப் போகிறவர் அபாய விளக்கைச் சிமிட்டி நன்றி சொல்வார். வழிவிட்டவர் முன்விளக்கை ஒருமுறை சிமிட்டிப் பரவாயில்லை என்பார். முகத்தைப் படிக்க வேண்டாம், குரலைப் படிக்க வேண்டாம். மனிதர்கள் எல்லா இடத்திலும் இப்படிப் பேசினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் லைசன்ஸ் பதிவுகளையும் விபத்துப் பதிவுகளையும் வைத்துச் செய்த ஆய்வுகளை வாசித்தேன். அறிவுத்திறன் குறைபாடு இல்லாத ஆட்டிச இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் லைசன்ஸ் எடுக்கிறார். எடுத்தவர்களின் விபத்து விகிதம் மற்றவர்களைப் போலவோ குறைவாகவோ இருக்கிறது. போக்குவரத்து விதிமீறலும் குறைவு. எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடந்து திரும்பும்போது மட்டும் அவர்களுக்குச் சிக்கல் அதிகம். அங்கே அது இடது திருப்பம், இடப்பக்கம் ஓட்டும் நமக்கு வலது. படித்ததும் உடல் சிலிர்த்தது; ஹிக்கின்சன் ஹைவேயிலிருந்து வலது திரும்புவதுதான் என்னுடைய பெரிய பயம். பச்சை அம்பு மின்னும் ரோபோ வரும்வரை நேராகப் போய் அங்கே திரும்புகிறேன். ஐந்து நிமிடம் கூடுதல் ஆகிறது, அவ்வளவுதான்.

இனி கார். சோதித்துப் பார்க்கும்போது என்ஜினைவிட வேறு சிலவற்றைத்தான் கவனித்தேன். துணி இருக்கை வேண்டும். டர்பன் புழுக்கத்தில் தோல் இருக்கை முதுகில் ஒட்டும், அந்த ஒட்டலைத் தவிர வேறெதையும் என்னால் நினைக்க முடியாது. ஏசிக்குத் திருகும் குமிழ் வேண்டும், கண்ணை எடுக்காமல் கை தேடிப் பிடிக்கும். விற்றவர் மாட்டியிருந்த வாசனை அட்டையைக் கழற்றிய பிறகும் நெடி ஐந்து வாரம் போகவில்லை. மூடியில்லாத டப்பாவில் அடுப்புக் கரி வைத்துப் போக்கினேன். சீட் பெல்ட் எச்சரிக்கை மணியின் கீச்சொலி இன்றும் பல்லில் இறங்குகிறது, அதற்கு வழி கிடைக்கவில்லை. எதிர் வண்டிகளின் வெள்ளை விளக்குகளும் அப்படியே. மழை இரவுகளில் ஓட்டுவதில்லை.

பெட்ரோல் பங்க் முதலில் கொடுமையாக இருந்தது. இங்கே நாமே நிரப்புவதில்லை. ஊழியர் வந்து, எவ்வளவு, ஆயில் பார்க்கவா, டயர் பார்க்கவா, கண்ணாடி துடைக்கவா என்று அடுக்குவார். ஒரே பங்க், ஒரே நேரம், ஒரே வாக்கியம் என்று வைத்துக்கொண்டேன்: "95, முழுக்க நிரப்புங்கள், கண்ணாடி மட்டும் துடையுங்கள்." 95 என்பது பெட்ரோல் வகை. இப்போது அங்குள்ள அண்ணன் நான் சொல்வதற்கு முன்பே தலையசைக்கிறார். கடை வாசல்களில் மஞ்சள் சட்டை போட்ட கார் காவலர்கள் இரு கையையும் வீசிப் பின்னால் வரச் சொல்வார்கள். அந்தக் கைகளையும் கண்ணாடிகளையும் சேர்த்துப் பார்க்க எனக்கு வராது. தூரத்தில், முன்பக்கமாகவே வெளியேறும்படி நிறுத்துகிறேன். அவர்களுக்கான ஐந்து ராண்ட் நாணயங்கள் அம்மாவின் பழைய குங்குமச் சிமிழில் இருக்கின்றன.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் பல சாலைகள் அறுந்துபோயின. மனப்பாடமாக வைத்திருந்த வழிகள் ஒரே இரவில் இல்லாமல் போயின. மூன்று வாரம் காரைத் தொடவில்லை. பிறகு ஆன்ட்டி பக்கத்தில் உட்கார்ந்து வர, ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டாவது வழி ஒன்றையும் பழகினேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

மறு வருடம் கடை வாகன நிறுத்தத்தில் ஒரு சின்ன உரசல். அந்த வண்டிக்காரர் கத்தினார். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாளா என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. அன்று மாலை ஒரு அட்டை எழுதி உறையிட்டு, கப்பிஹோலில், அதாவது முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சின்னப் பெட்டியில் வைத்தேன்: "எனக்கு ஆட்டிசம் இருக்கிறது. பதற்றத்தில் பேச முடியாது. எழுதிக் கேளுங்கள், எழுதிப் பதில் சொல்வேன்." போலீஸ் சாலைச் சோதனையில் ஒருமுறை நீட்டினேன். அந்த இளம் அதிகாரி படித்துவிட்டு, தன் குறிப்பேட்டில் "லைசன்ஸ், ப்ளீஸ்" என்று எழுதிக் காட்டினார்.

மாலையில் வீட்டு வாசலில் என்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் உள்ளேயே உட்கார்ந்திருக்கிறேன். கதவு மூடியிருக்கும். யாரும் தொடமாட்டார்கள், எதுவும் கேட்கமாட்டார்கள். என் கணவர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தேநீருக்கு அடுப்பை மூட்டுவார்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு இன்னும் ஓட்டியதில்லை. அங்கே போகும் என்3 நெடுஞ்சாலையில் துறைமுக லாரிகள் அதிகம், விரிவாக்க வேலையால் தடங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆன்ட்டி அந்த வழியை எழுதித் தந்துவிட்டார். அந்தத் தாள், என் அட்டையோடு சேர்ந்து, கப்பிஹோலில் இருக்கிறது. முதல் வரி: "மரியன்ஹில் டோல் வரை கயிற்றுப் பக்கத் தடம்; சில்லறை கையில்."