வடக்குப் பார்த்த நடைபாதையில் காய்கறி: பல வெயில் காலங்கள் கண்ட அனுபவம்

சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஒரே வெயில்தானே, செடிக்கு இங்கே என்ன பருவம் என்று பலர் கேட்பார்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடிகளில் வீட்டு வாசலை ஒட்டிய பொது நடைபாதையில் தொட்டி வைத்து வளர்ப்பவர்களுக்குப் பருவம் நிச்சயமாக உண்டு. நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே. மார்ச் கடைசியில் நம் உச்சியைக் கடக்கும் சூரியன், செப்டம்பர் வரை வடக்குப் பக்கமாகவே நிற்கிறது. எங்கள் நடைபாதை வடக்குப் பார்த்தது. அதனால் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரைதான் கைப்பிடிச் சுவரைத் தாண்டி நேர் வெயில் உள்ளே விழும். மற்ற மாதங்களில் வெறும் வெளிச்சம்தான். காய் வேண்டுமென்றால் அந்த ஐந்து மாதங்களில்தான் எடுத்தாக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், புழுக்கம் உச்சத்துக்குப் போவதும் அதே நேரத்தில்தான். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது. 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான உச்ச அளவுக்கு அது சமம். பகல் சூட்டைவிடச் செடியை வாட்டுவது இரவுதான் என்பது என் அனுபவம். இரவிலும் 26, 27 டிகிரி. விடியும் முன் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும். செடிக்கு இளைப்பாற நேரமே கிடைப்பதில்லை.

இதை நன்றாகக் காட்டிக்கொடுப்பது தக்காளி. செடி தளதளவென்று வளரும், பூவும் கொத்துக் கொத்தாக வரும், ஆனால் காம்போடு உதிர்ந்துவிடும். இரவு சூடாக இருந்தால் மகரந்தத்துக்கு வீரியம் போய்விடுகிறது. உரம் போட்டாலும், பூவைத் தட்டிவிட்டாலும் ஓரளவுக்குத்தான் பலன். செர்ரித் தக்காளி மட்டும் ஏதோ கொஞ்சம் பிடிக்கும். பெரிய தக்காளிக்கு இந்த மாதங்களில் இடம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கொத்தமல்லியும் அப்படித்தான். நாலு இலை பறிப்பதற்குள் பூத்துவிடும்.

வெண்டை நேர்மாறு. இந்தச் சூடு அதற்குச் சொந்த ஊர் மாதிரி. தன் மகரந்தத்திலேயே காய்த்துக்கொள்வதால், வண்டு வராத மேல்மாடியிலும் கவலையில்லை. பூத்த ஐந்தாறு நாளில் பறித்துவிட வேண்டும், விட்டால் நார் ஓடிவிடும். பாகல் அப்படியில்லை. பெண்பூவின் அடியில் குட்டிப் பிஞ்சு தெரியும்; காலையிலேயே ஆண்பூவைக் கிள்ளி அதில் தடவினால்தான் எங்கள் மாடியில் காய் கிடைக்கிறது. கத்தரியும் மிளகாயும் நன்றாகவே வருகின்றன.

ஆனால் மனசார நான் பரிந்துரைப்பது கீரைகளைத்தான். கொடிப்பசலை, தண்டுக்கீரை, கங்கோங் (வள்ளைக்கீரை), சர்க்கரைவள்ளி இலை. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக் (நம் ‘அத்தை’ மாதிரி) கொடுத்த ஒரு பசலைத் தண்டு இன்றும் கம்பியில் ஏறிக்கொண்டிருக்கிறது. பறிக்கப் பறிக்கத் துளிர்க்கும். பருப்போடு சேர்த்துக் கடைந்தால் அந்த வழுவழுப்பே தனி ருசி.

அப்புறம், தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியில் மத்தியானம் விரலை விட்டுப் பாருங்கள், ஓர மண் கொதிக்கும். இலை வாடுவதற்குத் தண்ணீர்க் குறைவுதான் காரணம் என்று நினைத்து மேலும் ஊற்றினால், சூட்டோடு ஈரமும் சேர்ந்து வேர் அழுகிவிடும். மண் தொட்டி அருமை, ஆனால் கனம். துணிப்பை வேருக்குக் காற்று கொடுக்கிறது. உயர்மாடிக் காற்றில் சீக்கிரம் காய்ந்தும் விடுகிறது. நீண்ட நாள் பார்த்ததில் எனக்குத் திருப்தியாக இருப்பது வெளிர் நிறத் தொட்டியும் அதன் மேல் காய்ந்த இலை மூடாக்கும்தான். வெண்டைக்கும் கத்தரிக்கும் ஓரடி ஆழமாவது வேண்டும்.

தேங்காய் நார்த்தூளை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கும் பிடிக்கும், ஆனால் மண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போடுவதில்லை. முழுக்கக் காய்ந்துவிட்டால் சுருங்கிக்கொள்ளும், ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடிவிடும். அப்போது தொட்டியையே வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும். நார்த்தூளில் சத்தும் அதிகம் இல்லை, எரு கலந்தே ஆக வேண்டும்.

தண்ணீர் விடுவது காலையில்தான். சாயங்காலம் இலைமேல் ஊற்றினால் அந்த ஈரம் இரவு முழுக்கக் காயாது. பூஞ்சணத்துக்கு அது போதும்.

டெங்கி விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். முட்டையோ ஈரமில்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் அடித்தட்டைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, விளிம்பைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இறுகிப்போன மேல்மண்ணிலும் நீர் தேங்கும், அடிக்கடி கிளறிவிடுங்கள். அடியில் நீர் தேக்கி வைக்கும் தொட்டிகள் ஊருக்குப் போகிறவர்களுக்கு வசதிதான், ஆனாலும் கொசு புகாத வலை இல்லாமல் அதை வைக்க எனக்கு மனம் வராது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

மாவுப்பூச்சி வராத வெயில் காலமே இல்லை. முதலில் எறும்பைக் கவனியுங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக அதற்குக் காவல் காப்பது எறும்புதான். லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு, வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தில், வெயில் தாழ்ந்த பிறகு. வெயிலில் அடித்தால் இலை கருகும். நனைந்த இலை இருட்டுவதற்குள் உலரும்படி ஐந்து மணி வாக்கில் அடிப்பேன்.

நடைபாதையில் ஆள் போக 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், கைப்பிடிச் சுவர்மேல் தொட்டி வைக்கவே கூடாது. தீ என்றால் அத்தனை பேரும் ஓடும் வழி அது. இடம் போதாதவர்களுக்குத் தேசியப் பூங்காக் கழகம் 2005இல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டம் இருக்கிறது. பூங்காக்களில் வாடகைக்குத் தரும் மேட்டுப்பாத்தி இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம். ஒரு குடும்பத்துக் கீரைக்குத் தாராளம்.

தெற்குப் பார்த்த வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். உங்களுக்கு நேர் வெயில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, மழை மாதங்களும் சேர்ந்து வரும். சூடு கொஞ்சம் குறைவு என்பதால் தக்காளியை முயல்வதென்றால் அப்போது முயலலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் விதைகூட வாங்க வேண்டாம். ஈரச்சந்தையில் (காய்கறி, மீன் விற்கும் சந்தை) ஒரு கட்டு கங்கோங் வாங்கி, இலையைச் சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அடித்தண்டைக் கணு மூழ்கும்படி தண்ணீரில் வையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். சில நாளில் வெள்ளை வேர் விடும், அப்படியே மண்ணில் நட்டுவிடலாம்.