எஃப்எஃப்எம்பெக்கை நானே கம்பைல் செய்து ஓட்டிய கதை

ஆடியோ, வீடியோ கோப்புகளை மாற்றவும் சுருக்கவும் உதவும் எஃப்எஃப்எம்பெக் கருவியை, மூல நிரலிலிருந்து (சோர்ஸ்) நானே கம்பைல் செய்து கட்டிக்கொள்வது, என் லினக்ஸ் இயங்குதளமான டெபியனின் 11ஆம் பதிப்புக் காலத்தில் தொற்றிய பழக்கம். என்னிடம் மணிக்கணக்கில் நீளும் பேச்சுப் பதிவுகள் நிறைய உண்டு. அவற்றை 32 கேபிபிஎஸ் வரை சுருக்கினாலும் காதை உறுத்தாமல் இருக்க ஹெச்இ-ஏஏசி என்ற ஒலி வடிவம் வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கின் சொந்த ஏஏசி என்கோடருக்கு அந்த வித்தை தெரியாது. எஃப்டிகே-ஏஏசி லைப்ரரிக்குத் தெரியும். ஆனால் அதன் உரிமம் ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தோடு ஒத்துப்போகாததால் டெபியன் தரும் எஃப்எஃப்எம்பெக் பேக்கேஜில் அது இருக்காது. வேறு வழியில்லாமல் சோர்ஸை இறக்கினேன்.

கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். மூன்றே கட்டளை என்பார்கள். முதல் கட்டளையிலேயே எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது. அசெம்ப்ளி என்ற கீழ்நிலை மொழியில் எழுதிய பகுதிகளைக் கட்டித் தரும் நாஸ்ம் இல்லை என்று நின்றது. வேண்டுமானால் அசெம்ப்ளியை அணைத்துவிட்டு ‘முடமான பில்ட்’ செய்துகொள் என்று அதுவே சொன்னது. அந்த யோசனையைக் கேட்காதீர்கள், வேகத்தில் பெரும்பங்கு அசெம்ப்ளியில்தான் இருக்கிறது. நாஸ்மைப் போட்டதும் அடுத்த புகார்: வீடியோவைச் சுருக்கும் எக்ஸ்264 லைப்ரரி கிடைக்கவில்லையாம். கணினியில்தான் இருக்கிறதே! அப்புறம்தான் புரிந்தது, நிரல் ஓடத் தேவையான பேக்கேஜ் வேறு, கம்பைல் செய்யத் தேவையான ஹெட்டர் கோப்புகள் உள்ள ‘டெவ்’ பேக்கேஜ் வேறு. இப்போதெல்லாம் கான்ஃபிகர் முரண்டு பிடித்தால் நேராக கான்ஃபிக்.லாக் கோப்பின் கடைசி வரிகளுக்குப் போய்விடுகிறேன்.

எஃப்டிகே-ஏஏசியோடு ஜிபிஎல் பகுதிகளையும் சேர்க்க ‘எனேபிள்-நான்ஃப்ரீ’ கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் கான்ஃபிகரின் முடிவில், இது மறுவிநியோகம் செய்யக் கூடாதது என்று உரிம வரி வரும். அதாவது, கட்டி வந்த பைனரியை (ஓடும் நிரல் கோப்பை) நண்பருக்குக்கூடத் தூக்கிக் கொடுக்க முடியாது. அவரும் உட்கார்ந்து கம்பைல் செய்ய வேண்டியதுதான்.

அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. 2023இல் டெபியன் 12 வந்தது, மேம்படுத்தினேன், தேவையற்றதைத் துடைக்க ஆட்டோரிமூவ் கொடுத்தேன். மறுநாள் எஃப்எஃப்எம்பெக் எழுந்திருக்கவே இல்லை. எக்ஸ்264இன் 160ஆம் எண் ஷேர்டு லைப்ரரியைக் காணோம் என்றது. டெபியன் 12இல் இருப்பது 164. பழையதை என் பைனரி நம்பியிருப்பது பேக்கேஜ்களை நிர்வகிக்கும் ஏபிடிக்கு எப்படித் தெரியும்? அதன் கணக்கில் நான் கட்டியது இல்லவே இல்லை. தப்பு என்னுடையதுதான்.

மறுபடி கட்டலாம் என்றால், கொடுத்த ஆப்ஷன்களை எங்கும் எழுதி வைக்கவில்லை. எஃப்எஃப்எம்பெக் ஒவ்வொரு முறை ஓடும்போதும் தன் கான்ஃபிகர் வரியை அச்சிடும், சரி, ஆனால் இது ஓடினால்தானே! கடைசியில் செத்த பைனரிமேல், கோப்புக்குள் இருக்கும் எழுத்து வரிகளைக் காட்டும் ‘ஸ்ட்ரிங்ஸ்’ கட்டளையை ஓட்டினேன். அந்த வரி முழுசாக உள்ளே இருந்தது. அன்று பட்ட நிம்மதியைச் சொல்லி மாளாது.

சோர்ஸ் ஃபோல்டரையும் எப்போதோ அழித்திருந்ததால் ‘மேக் அன்இன்ஸ்டால்’ செய்யவும் வழியில்லை. அது நிறுவப்பட்டிருந்த யூஎஸ்ஆர் லோக்கல் ஃபோல்டரில் கிடந்த மிச்சங்களைக் கையால் பொறுக்கி எடுத்தேன். இப்போது ‘ப்ரிஃபிக்ஸ்’ கொடுத்து ஹோம் டைரக்டரிக்குள் தனி ஃபோல்டரில்தான் நிறுவுகிறேன். வேண்டாமென்றால் ஃபோல்டரையே தூக்கிவிடலாம், நிர்வாகி உரிமை தரும் சூடோவும் தேவையில்லை. கான்ஃபிகர் வரி ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டில் பத்திரமாக இருக்கிறது.

ஒரு குறை மட்டும் இன்னும் உறுத்துகிறது. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வராது. எங்கிருந்தோ வரும் வீடியோவை எல்லாம் திறக்கும் கருவி, பழையதாகவே கிடப்பது நல்லதல்ல. அதனால் ‘ப்ராக்ஸ்-சஃபிக்ஸ்’ ஆப்ஷனில் என்னுடையதற்கு வேறு பெயர் வைத்து, என் சொந்தப் பதிவுகளைச் சுருக்க மட்டும் அதை அழைக்கிறேன். மற்ற எல்லாவற்றுக்கும் டெபியன் தரும் எஃப்எஃப்எம்பெக்தான்.