வண்டியின் வால் ஆடுகிறதா? பில் போடும் முன் நூல் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்

பொள்ளாச்சி, கோவைப் பக்கம் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிடுங்கள். ஒரே பட்டறையில் மூன்று முறை வண்டியை விட்டு, 19,000 ரூபாயும் கொடுத்து, விட்டதைவிட ஆபத்தான வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு திரும்பியவன் நான். பட்டறையின் பெயரை எழுதப்போவதில்லை. கணக்கு இன்னும் தீரவில்லை. தவிர, இதே கைவரிசை காட்டும் இடம் அது ஒன்றுதான் என்று நான் நம்பவும் இல்லை.

வண்டி 2009-ஆம் ஆண்டு மாருதி ஜிப்ஸி. 2022-இல் பழையதாக வாங்கினேன். வேலை வால்பாறையில், வாரத்துக்கு ஒருமுறையாவது பொள்ளாச்சிக்கு இறங்கி ஏற வேண்டும். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் அந்தத் தார்ச்சாலை வாரக்கணக்கில் ஈரம் காய்வதில்லை. கவர்க்கல் பக்கம் மூடுபனியில் பகலிலும் விளக்குப் போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

முதல் மழைக்காலத்திலேயே தொல்லை தொடங்கியது. வளைவில் ஸ்டீயரிங்கை ஒடித்தால் முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கும். பின்பக்கம் அரை நொடி தாமதித்து, தன் இஷ்டத்துக்கு வெளியே நழுவும். இடப்பக்கம் திரும்பினாலும் அப்படித்தான், வலப்பக்கம் திரும்பினாலும் அப்படித்தான். தெரிந்தவர் ஒருவர் சொல்லி அந்தப் பட்டறைக்குப் போனேன்.

உரிமையாளர் வந்தார். வண்டியின் பின்பக்கத்தைக் கையால் இரண்டு முறை அழுத்தினார். "ஷாக் அப்சார்பர் போய்விட்டது சார்" என்றார். அவ்வளவுதான் சோதனை. லீஃப் ஸ்பிரிங், அதாவது இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங் வைத்த வண்டியைக் கையால் அழுத்தினால் ஒன்றும் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்தே குதிப்பை அடக்கிவிடும். ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு அழுத்தினாலும் வண்டி பெரிதாக ஆடாது. பின்பக்கத்துக்கு இரண்டு புது ஷாக் அப்சார்பர், கூலியோடு 6,000 ரூபாய்.

அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது: எப்போது நழுவுகிறது? பிரேக் மிதிக்கும்போதா, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதா, இரண்டையும் தொடாமல் சும்மா உருளும்போதா? பள்ளம் மேட்டில் மட்டுமா, சமதளத்திலுமா? ஒரு பக்கம் திரும்பும்போது மட்டுமா? இந்தப் பதில்களே பாதி நோயைச் சொல்லிவிடும். பிரேக்கில் மட்டும் என்றால் பின் டிரம்களைத் திறந்து பார்க்க வேண்டும். அச்சு முனையில் எண்ணெயைத் தடுக்கும் ஆக்சில் சீல் கசிந்து ஒரு பக்க பிரேக் லைனிங்கில் எண்ணெய் இறங்கியிருந்தால் ஒரு சக்கரம் பிடிக்கும், மற்றது பிடிக்காது. மேடு பள்ளத்தில் மட்டும் குதித்து விலகினால் ஷாக் அப்சார்பரையோ காற்றழுத்தத்தையோ சந்தேகப்படலாம். எல்லா நேரத்திலும் இரு பக்கமும் வழுக்கினால் முதலில் டயரைப் பார்க்க வேண்டும். என் டயரை அங்கே யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

டயர் கதையையும் சொல்லிவிடுகிறேன், அதில் என் முட்டாள்தனமும் உண்டு. வண்டி வாங்கிய புதிதில் முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. டயர் கடைக்காரர் இரண்டு புதியது போட்டு, "ஸ்டீயரிங் இருக்கும் பக்கம்தான் புதியது இருக்க வேண்டும்" என்றார். கேட்க நியாயமாக இருந்தது. உண்மையில் இரண்டே இரண்டு புதியது வாங்கினால் அவை பின்னால்தான் போக வேண்டும். முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுழலும். ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு நான்குமே ஒரே அளவும் ஒரே தேய்மானமும் கொண்டவையாக இருப்பது இன்னும் முக்கியம். என் பின் டயர்களில் பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) ஆழமாக இருந்ததால் நல்ல டயர் என்றே நினைத்திருந்தேன். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் 3113 என்று பொறித்திருந்தது: 2013-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்த டயர். பட்டன் இருந்து என்ன பயன்? ரப்பர் இறுகி, நகத்தால் அழுத்தினால் பலகை போல இருந்தது. போதாக்குறைக்குப் பெட்ரோல் நிலையத்தில் நான்கிலும் 35 பவுண்டு காற்று அடித்து வைத்திருந்தார்கள். ஜிப்ஸி ஒரு டன்கூடத் தேறாத வண்டி; அதன் கையேட்டில் இருக்கும் அளவு இதற்கு வெகு கீழே.

ஆக, முதலில் இருந்த நோய் கிழட்டு டயரும் அதிகக் காற்றும். கண்டுபிடிக்கக் காசே வேண்டாம்.

ஷாக் அப்சார்பர் மாற்றியும் வித்தியாசம் இல்லை என்று மறுபடி போனேன். "பின்பக்கம் தொய்ந்திருக்கிறது சார், பக்கத்துக்கொரு பட்டை சேர்த்து விறைப்பாக்கிவிட்டால் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும்" என்றார். இது நேர்தலைகீழ். பின்னால் சுமையே இல்லாத இலகுவான வண்டியில் ஸ்பிரிங்கை விறைப்பாக்கினால் சக்கரம் சாலையின் ஏற்ற இறக்கத்தோடு போகாமல் துள்ளும். வளைவில் எடை முழுவதும் வெளிப்பக்கச் சக்கரத்தின் மேல் ஏறி, உள்பக்கச் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடும். வால் முன்பைவிடச் சீக்கிரம் விலகும். எனக்கு அன்று இது தெரியாது, தலையாட்டினேன். பட்டை இரண்டு, பட்டைக்கட்டை அச்சோடு சேர்த்து இறுக்கும் புது யூ போல்ட் நான்கு, பட்டைகளின் நடுவே ஊடுருவும் சென்டர் போல்ட் இரண்டு, புஷ், கூலி எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். பில் என்னிடம் இருக்கிறது.

அதன் பிறகுதான் வண்டி உண்மையிலேயே பயமுறுத்தியது. வலப்பக்க வளைவுகளில் சாதுவாகப் போகும். இடப்பக்க வளைவுக்கு முன்னால் பிரேக்கைத் தொட்டால் போதும், பின்பக்கத்தை யாரோ கயிறு கட்டி வலப்பக்கம் இழுப்பது போல் இருக்கும். ஒரு ஜூலை மாலை, அட்டகட்டியைத் தாண்டி இறங்கும்போது அப்படித்தான் வால் எதிர்த்தடத்துக்குள் போனது. ஏறி வந்த பஸ்ஸின் ஓட்டுநர் முன்கூட்டியே நிறுத்திவிட்டார். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, கையை மட்டும் ஆட்டி, போ என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

பட்டறைக்குத் தொலைபேசியில் சொன்னேன். "மழை நேரம்தானே சார், ஃபோர் வீலில் போட்டு ஓட்டுங்கள், வழுக்கவே வழுக்காது." இந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தப் பதிவை எழுதலாம். ஜிப்ஸி போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) கிடையாது. ஃபோர் வீல் நெம்புகோலைப் போட்டதும் இரண்டு அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் போக வேண்டும். சேற்றிலும் சரளையிலும் சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார்ச்சாலையில் அதற்கு வழி இல்லாமல் முறுக்கம் முழுவதும் இரண்டு அச்சுக்கும் விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் அச்சுகளிலும் ஏறும். இன்னொன்று, நான்கு சக்கர இழுவை வண்டியைக் கிளப்பவும் ஏற்றவும்தான் உதவும். பிரேக் பிடிக்கும்போதும் வளைவில் பக்கவாட்டில் தாங்கும்போதும் உங்களிடம் இருப்பது அதே நான்கு டயர்களின் பிடிப்புதான். நானும் புத்தி கெட்டுப்போய் ஒருநாள் அப்படியே இறங்கினேன். ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது. ஆழியாறு சோதனைச் சாவடிக்கு அருகே நெம்புகோல் திரும்பி வர மறுத்தது. பத்தடி பின்னால் எடுத்ததும் 'டக்' என்ற சத்தத்தோடு விடுபட்டது. பக்கத்தில் நின்ற காவலர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

மூன்றாம் முறை போனபோது, நேராக ஓட்டினாலும் ஸ்டீயரிங் வலப்பக்கம் சாய்ந்து நிற்பதைச் சொன்னேன். கணினி பொருத்திய அலைன்மென்ட் எந்திரத்தில் ஏற்றி, முன்சக்கரக் கம்பிகளைத் திருகி, ஸ்டீயரிங்கை நேராக்கித் தந்தார்கள். 1,500 ரூபாய். எல்லா எண்ணும் பச்சையில் இருந்த தாள் ஒன்றும் கிடைத்தது. முன்சக்கரங்களுக்கு மட்டும்தான் அளவு. பின்சக்கரங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன். "அது ஒரே அச்சு சார், அங்கே திருக ஒன்றுமில்லை." திருக ஒன்றுமில்லாவிட்டால் அளக்கவும் ஒன்றுமில்லை என்பது அவர்கள் கணக்கு. வண்டி காட்டிக்கொடுத்த ஒரே நேர்மையான அடையாளம் அந்தச் சாய்ந்த ஸ்டீயரிங்தான். காசு வாங்கிக்கொண்டு அதையும் அழித்துவிட்டார்கள். கிளம்பும்போது, "டிஃபரன்ஷியலில் கோளாறு போலிருக்கிறது, ஹவுசிங்கோடு மாற்றினால் 38,000 ஆகும்" என்று ஒரு விதையும் தூவினார்.

38,000 என்ற எண்தான் என்னைக் காப்பாற்றியது. வேறு யாரிடமாவது கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. எங்கள் தெருவில் எஸ்டேட் லாரிகளைப் பல ஆண்டுகள் பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். வண்டிக்கு அடியில் குனியும் முன், "ஐம்பதடி நேராக ஓட்டு தம்பி, நான் பின்னால் நிற்கிறேன்" என்றார். ஈரத்தரையிலிருந்து காய்ந்த சிமெண்ட் தளத்துக்கு ஓட்டினேன். இறங்கி வந்து பார்த்தால் தரையில் இரண்டு தடம் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு. முன்சக்கரத் தடத்தின் மேல் பின்சக்கரத் தடம் விழாமல், ஒரு விரற்கடை வலப்பக்கம் தள்ளி விழுந்திருந்தது. "நண்டு மாதிரிப் போகிறது, பார்" என்றார்.

பிறகு கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் நூலை இறக்கி, குண்டின் முனை தொட்ட இடத்தில் சாக்பீஸால் குறுக்குக் கோடு போட்டார். வண்டியை நகர்த்திவிட்டு டேப் பிடித்தோம். இடப்பக்கம் 2,374 மில்லிமீட்டர். வலப்பக்கம் 2,390. இந்த வண்டிக்கு இருக்க வேண்டியது 2,375. வலப்பக்கப் பின்சக்கரம் இடப்பக்கத்தைவிட 16 மில்லிமீட்டர் பின்னால் போயிருந்தது. அச்சு கோணி, பின்சக்கரங்கள் இரண்டும் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

அடியில் படுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. பட்டை ஒன்று கூடியதால் கட்டு தடித்துவிட்டது. அதற்கு நீளமான யூ போல்ட் வேண்டும். இவர்களோ பழையதையே மாட்டியிருந்தார்கள். நட்டுக்குள் நான்கு மரைகூட ஏறவில்லை. துருவின் மேல் கறுப்பு மை அடித்திருந்தது. கட்டைப் பிரித்ததும் சென்டர் போல்ட்டின் தலை தனியாகக் கீழே விழுந்தது. உடைந்த முகம் பாதி துருவேறியும் பாதி பளபளத்தும் இருந்தது. ஒரே நாளில் உடைந்ததல்ல. அச்சு தன் இடத்தில் நிற்பது அந்தத் தலை குழியில் உட்கார்ந்திருப்பதாலும் யூ போல்ட்டின் இறுக்கத்தாலும்தான். இரண்டும் இல்லாமல், பிரேக் பிடித்தால் பின்னால் போவதும் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் முன்னால் வருவதுமாக அந்தப் பக்கம் ஊஞ்சலாடிக்கொண்டிருந்திருக்கிறது.

ஷாக் அப்சார்பருக்கும் அதே மை. வண்டி வாங்கும் முன் அடிப்பாகத்தைப் படம் எடுத்து வைத்திருந்தேன். அதில் இடப்பக்க ஷாக் அப்சார்பரின் குழாயில் கல் பட்ட சொட்டை ஒன்று, எலுமிச்சை விதை அளவில். "புது" ஷாக் அப்சார்பரிலும் அதே இடத்தில் அதே சொட்டை. சுரண்டினால் மைக்கு அடியில் பழைய சாயம். 6,000 ரூபாய்க்கு நான் வாங்கியது ஒரு டப்பா பெயிண்ட்.

சேர்த்த பட்டைகளைக் கழற்றி, யூ போல்ட், சென்டர் போல்ட் உண்மையிலேயே புதியது போட்டு, சக்கரங்கள் தரையில் நிற்கும்போது குறுக்கு வரிசையில் இறுக்கினோம். எல்லாம் சேர்த்து 2,600 ரூபாய், அதில் பெரியவர் கூலியாக வாங்கிக்கொண்டது 800. ஷாக் அப்சார்பர்களும் நான்கு டயர்களும் தனிச் செலவு. காற்றைக் கையேட்டின்படி இறக்கினேன்.

பில்லையும் இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். உரிமையாளர் "பையன் தவறு செய்துவிட்டான்" என்று 3,000 ரூபாயை நீட்டினார், பழைய பில்லைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும். வாங்கவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை நான் ஒருமுறையாவது கேட்டு வாங்கியிருந்தால் வழக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும். நீங்கள் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு பெரியவர் மறுபடி அளக்கச் சொன்னார். இடது 2,375, வலது 2,376. யூ போல்ட் நட்டுகள் கால் திருப்பு வாங்கின. 1,000-இல் இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்கிறார். சாக்பீஸ் கோடுகளை மழை அழித்துவிட்டதால் இந்த முறை ஆணியால் கீறி வைத்திருக்கிறோம்.