இஸ்தான்புல் போகுமுன் வாசித்த புத்தகம்

போன அக்டோபரில் மகளோடு எட்டு நாள் இஸ்தான்புல் போய்வந்தேன். டிக்கெட் போட்ட அன்றே அவள் பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் மொபைலில் குறித்து வைத்துவிட்டாள். நான் அலமாரியில் இரண்டு வருஷமாகக் கிடந்த, துருக்கி எழுத்தாளர் ஓரான் பாமுக்கின் ‘இஸ்தான்புல்: ஒரு நகரத்தின் நினைவுகள்’ நூலை எடுத்தேன். தமிழில் ஜி. குப்புசாமி, காலச்சுவடு வெளியீடு. தினமும் இரவு இஷா தொழுகை முடிந்ததும் பத்துப் பதினைந்து பக்கம். ஒரு மாதத்தில் முடிந்தது.

தோப்காபி அரண்மனைக்கு எந்த டிராமில் ஏறுவது, எந்தக் கடையில் கபாப் நன்றாக இருக்கும் என்பதற்கெல்லாம் இதில் ஒரு வரி கிடையாது. 1952இல் பிறந்த பாமுக் என்ற பையன், இஸ்தான்புல்லின் நிஷாந்தாஷி பகுதியில் தன் குடும்பத்தின் ஐந்து மாடிக் கட்டடத்தில் வளர்கிறான். யாரும் வாசிக்காத பியானோக்கள், பாத்திரத்தை வெளியே எடுக்கவே எடுக்காத கண்ணாடி அலமாரிகள், சண்டை போடும் அப்பா அம்மா, கரைந்துகொண்டே போகும் குடும்பச் சொத்து. உஸ்மானிய சாம்ராஜ்யம் போய்விட்ட நகரமும் வெளியே அதே மாதிரி மெல்ல நிறம் மங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டின் கதையையும் ஊரின் கதையையும் ஒரே கதையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். நடுவே அரா குலேர் போன்றவர்கள் எடுத்த கருப்பு வெள்ளைப் படங்கள். மழை ஈரம் காயாத கல் பாவிய தெரு, புகை விடும் படகு, கோட்டு போட்ட ஆண்கள். அந்தப் படங்களையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பத்தாம் அத்தியாயம்தான் புத்தகத்தின் உயிர். ‘ஹுசுன்’ (துக்கம்) என்ற ஒற்றைச் சொல்லைப் பற்றியது. நான் காயல்பட்டினத்துக்காரி. அந்தச் சொல்லைப் பார்த்ததும் சின்ன வயதில் மதரஸாவில் ஓதிய, குர்ஆனின் ஸூரா யூசுஃப் அத்தியாயம் ஞாபகம் வந்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த யஃகூப் நபி, என் துயரத்தையும் ‘ஹுஸ்னை’யும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்பாரே, அதே அரபிச் சொல். நபிகளாரின் மனைவி கதீஜா நாயகியும் அவர் தந்தையின் சகோதரர் அபூதாலிபும் மறைந்த வருஷத்தைத் துக்க ஆண்டு என்று சொல்கிறோமே, அங்கேயும் இதே சொல். பாமுக்கும் அங்கிருந்துதான் தொடங்குகிறார். ஆனால் ஒரு மனிதனின் துக்கம் அவர் கையில் ஊர் முழுவதும் சேர்ந்து சுமக்கிற துக்கமாக மாறுகிறது. சாயங்காலம் தெருவிளக்கின் கீழே பையோடு வீடு திரும்பும் அப்பாக்கள், ஆளில்லாத துறையில் கட்டிப்போட்ட பழைய படகுகள் என்று பக்கம் பக்கமாகப் போகும் ஒரே மூச்சுப் பட்டியல் அது. ஒவ்வொன்றும் கண் முன்னால் நிற்கிறது.

இதை வாசித்திருக்காவிட்டால் பழைய மர வீடுகள் நிற்கும் ஸெய்ரெக் பக்கம் நான் போயிருக்கவே மாட்டேன். மகளின் பட்டியலில் அந்தப் பேரே இல்லை. சரிவான ஒரு சந்தில், சாயம் கண்டு பல வருஷமாகிக் கறுத்துப்போன பலகை வீடு ஒன்று ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. மேல்தளம் தெருவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் கட்டிய கொடியில் ஒரு குழந்தையின் பைஜாமா. ‘உம்மா, இதைப் பார்க்கவா மேட்டில் ஏறி வந்தோம்?’ என்று மகள் கேட்டாள். அங்கேயே ஒரு திண்டில் உட்கார்ந்து, மர மாளிகைகள் ஒவ்வொன்றாக எரிந்ததையும், ஊரே கரையில் நின்று அதை வேடிக்கை பார்த்ததையும் பாமுக் எழுதியிருப்பதைச் சொன்னேன். அப்புறம் அவளே சந்து சந்தாகத் தேடிப் படம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

படகும் அப்படித்தான். எமினோனுவிலிருந்து காடிகோய்க்கு இருபது நிமிஷம் போலத்தான். இடுப்பு ஒடுங்கிய சின்னக் கண்ணாடி கிளாஸில் தேநீர், சாஸரில் இரண்டு சர்க்கரைக் கட்டி, விரல் நீளம்கூட இல்லாத கரண்டி. பின்தளத்தில் ஒருவர் எள் ஒட்டிய சிமித் ரொட்டியைப் பிய்த்து வீச, கடற்பறவைகள் படகோடு கூடவே வந்தன. பையன் பாமுக் ஜன்னலிலிருந்து பொஸ்போரஸ் நீரிணையில் போகும் கப்பல்களை எண்ணுவான். பெரியவரான பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. நாங்களும் எண்ணினோம். அவர் ஓர் அத்தியாயமே எழுதிய அந்தக் கரும்புகை மட்டும் இப்போது இல்லை.

எல்லா அத்தியாயமும் ஒரே வேகத்தில் போகாது. மெல்லிங்கின் ஓவியங்கள், பிரெஞ்சுப் பயணிகள், பழைய பத்திரிகைப் பத்தி எழுத்தாளர்கள் வரும் பகுதிகளில் நமக்குப் பழகாத பெயர்கள் வரிசையாக வரும். அவசரமாகக் கிளம்புகிறவர்கள் அவற்றைத் திரும்பி வந்த பிறகு வாசிக்கலாம். ரெஷாத் எக்ரெம் கோச்சு வரும் அத்தியாயத்தை மட்டும் விடாதீர்கள். ஒரு நகரத்துக்கென்று தனியாகக் கலைக்களஞ்சியம் எழுதத் தொடங்கி, 11 தொகுதி வந்தும் அகரவரிசையில் ‘ஜி’ (G) எழுத்தைத் தாண்ட முடியாமல் போன மனிதர் அவர். அதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்தப் புத்தகத்தோடு எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. பாமுக்கின் வீட்டில் மார்க்கம், அதாவது மதம், என்பது வேலைக்காரர்களுடையது, ஏழைகளுடையது. சின்ன வயதில் அவர் கற்பனையில் இறைவன் வெள்ளை முக்காடு போட்ட ஒரு வயதான பெண். தங்கள் வர்க்கத்தின் இந்த வெறுமையை அவர் ஒளிக்காமல் எழுதுகிறார், அதை மதிக்கிறேன். ஆனால் தொழுகிறவர்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று அவர் எட்டிப் பார்ப்பதே இல்லை. இதை மட்டும் வாசித்துவிட்டுப் போனால் பாதி ஊர் கண்ணில் படாது.

அந்தப் பாதி எனக்கு உஸ்குதாரில் கிடைத்தது. படகுத்துறைக்கு எதிரேயே மிஹ்ரிமா சுல்தான் பள்ளிவாசல். சுல்தான் சுலைமான் காலத்தில் அவருடைய மகளின் பெயரால் கட்டடக் கலைஞர் சினான் கட்டியது, 1548இல் முடிந்தது. அந்திநேர மஃரிப் தொழுகைக்கு உள்ளே போனோம். பெண்கள் பகுதியில் ஒரு மூதாட்டி நகர்ந்து எனக்கு இடம் விட்டார். தொழுது முடித்ததும் என் கையைப் பிடித்து ‘அல்லாஹ் கபூல் எத்சின்’ என்றார். எனக்குத் துருக்கி தெரியாது. ஆனால் தொழுகை ஏற்கப்படட்டும் என்பதற்குக் கபூலாகட்டும் என்று எங்கள் ஊரில் சொல்வதுதானே? தமிழிலேயே ‘உங்களுக்கும் கபூலாகட்டும்’ என்றேன். அவர் தலையை ஆட்டி ஆமீன் சொன்னார்.

நாவல் பிடிக்கும் என்றால் பாமுக்கின் ‘தி மியூசியம் ஆஃப் இன்னசன்ஸ்’ஸையும் வாசித்துவிட்டுக் கையோடு கொண்டுபோங்கள். அந்த நாவலுக்காக அவரே 2012இல் இஸ்தான்புல்லின் சுகுர்ஜுமா பகுதியில் ஒரு நிஜ அருங்காட்சியகம் திறந்தார். நாவலின் 83 அத்தியாயத்துக்கும் ஒவ்வொரு பெட்டி. கதாநாயகி பிடித்துப் போட்டதாக 4,213 சிகரெட் துண்டுகள் ஒரு சுவர் முழுக்கக் குத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. நாவலின் கடைசிப் பகுதியில் நுழைவுச்சீட்டு அச்சாகியிருக்கிறது. அதைக் காட்டினால் முத்திரை குத்தி இலவசமாக உள்ளே விடுவார்கள். முன்பே தெரியாததால் நாங்கள் டிக்கெட் வாங்கித்தான் போனோம்.

ஆனால் ஒன்றுதான் வாசிக்க முடியும் என்றால் ‘இஸ்தான்புல்’தான். என் பிரதி இப்போது லாத்தா (அக்கா) மகனிடம் இருக்கிறது. ஏப்ரலில் போகிறான். பத்தாம் அத்தியாயத்தில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். அட்டையின் உள்பக்கத்தில் ஸெய்ரெக், உஸ்குதார், மஃரிப் நேரம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.