பெரியப்பாவின் 1971 புல்லட்: மூன்று ஆண்டுகள், 11,600 கிலோமீட்டர்

கும்பகோணத்தை அடுத்த எங்கள் ஊர் வீட்டின் பழைய மாட்டுக்கொட்டகையில் 2004 முதல் பதினேழு ஆண்டுகள் அசையாமல் நின்றிருந்த பெரியப்பாவின் என்ஃபீல்டு புல்லட் 350, 2022 ஆகஸ்டு மாதம் முறையான ஆவணங்களோடு மீண்டும் சாலைக்கு வந்தது. அதுவரை பழைய வண்டி எதையும் நான் வைத்திருந்ததில்லை. அன்று முதல் இன்று வரை 11,600 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு, இதே வேலையில் முதன்முறையாக இறங்க நினைப்பவர்களுக்கு உதவும் என்று கருதியே இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. அதன் திருவொற்றியூர் ஆலையில் 1971-இல் தயாரான வண்டி இது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட 346 சிசி இரும்பு எஞ்சின், நான்கு கியர், வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக். இந்த எஞ்சின் பெரிய மாறுதல் இல்லாமல் 2000-களின் இறுதி வரை தயாரிப்பில் இருந்ததால், ஐம்பது வயதைக் கடந்த வண்டிக்கும் பிஸ்டன், வால்வு, கிளட்ச் பிளேட் ஆகியவை இன்றும் கடையில் கிடைக்கின்றன. முதல் பழைய வண்டியாக இதைப் பரிந்துரைப்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வண்டியை முழுவதும் பிரித்து, பெயின்ட் அடித்து, புத்தம் புதிதாக்கிவிட வேண்டும் என்றுதான் நானும் முதலில் எண்ணினேன். பெரியப்பா காலத்திலிருந்தே அதைக் கவனித்து வந்த மெக்கானிக் அண்ணன் தடுத்தார். "மொதல்ல ஓட வைப்போம் தம்பி, அப்புறம் மினுக்கிக்கலாம்" என்றார். அந்த அறிவுரை சரியானது என்பதை ஒவ்வொரு மாதமும் உணர்ந்தேன். ஓடாத வண்டியைப் பிரித்தால் எந்தக் கோளாறு எதிலிருந்து வந்தது என்பது தெரியாமல் போய்விடும். பாகங்கள் சாக்குப் பைகளில் சிதறிக் கிடக்க, ஆர்வமும் வடிந்துவிடும்.

எஞ்சின் ஜாமாகி இருந்தது. கிக்கரை மிதித்து விடுவிக்க முயலவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சம அளவு கலந்து உள்ளே ஊற்றி, எட்டு நாள் ஊறவிட்டோம். ஒன்பதாம் நாள் நான்காவது கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டியபோது, முதலில் ஒரு விரற்கடை, பிறகு அரைச் சுற்று, அதன்பின் முழுச் சுற்றும் வந்தது. அப்படியே ஸ்டார்ட் செய்துவிடும் ஆசையை அடக்கி ஹெட்டையும் பிஸ்டன் ஓடும் பேரலையும் கழற்றியது நல்லதாயிற்று. பிஸ்டன் வளையங்கள் ஒட்டி நின்ற இடத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்குத் துரு ஒரு வளையமாக அரித்திருந்தது. லேத்தில் கொடுத்து பேரலின் உள்விட்டத்தை அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து (ஓவர்சைஸ் போர்), அதற்கேற்ற பிஸ்டன் பொருத்தினோம். முதல் 800 கிலோமீட்டரை 50 கிலோமீட்டர் வேகத்துக்கு உட்பட்டே ஓட்டி முடித்தேன்.

இந்த எஞ்சினில் எண்ணெய் ஓட்டத்தை முதலில் உறுதிசெய்வது மிக அவசியம். எண்ணெய்த் தொட்டி எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸின் உள்ளேயே தனி அறையாக இருக்கிறது. அங்கிருந்து ஒரு பம்ப் எண்ணெயை அனுப்ப, மற்றொன்று திரும்பக் கொண்டுவருகிறது. வண்டி வாரக்கணக்கில் நின்றால் எண்ணெய் மெல்லக் கசிந்து கிராங்க் அடியில் தேங்கிவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து நீலப் புகை திரண்டு வரும். பிஸ்டன் போய்விட்டது என்று புதியவர்கள் அஞ்சிவிடுவார்கள். அடியிலுள்ள டிரெயின் போல்ட்டைத் திறந்து தேங்கியதை வடித்துவிட்டு, தொட்டியின் அளவைச் சரிசெய்தால் போதும். முதல் ஸ்டார்ட்டின்போது வால்வுகளைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் சிறு குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தி, எண்ணெய் அங்கே கசிந்து வருவதைக் கண்ணால் பார்த்த பிறகே எஞ்சினைத் தொடர்ந்து ஓடவிட்டோம்.

ஆவண வேலை எஞ்சின் வேலையைவிடக் கூடுதல் காலம் பிடித்தது. பெரியப்பா காலமாகிவிட்டதால், இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றோடு படிவம் 31-இல் பெயர் மாற்றமும், காலாவதியான பதிவுக்குப் படிவம் 25-இல் புதுப்பித்தலும் கோர வேண்டியிருந்தது. 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டுகள் கடந்து மூல வடிவிலேயே இருக்கும் வண்டியை 'விஏ' எழுத்துகள் கொண்ட பதிவெண்ணோடு விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பத்து ஆண்டுகள் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். கடைத்தெருவுக்கும் வயலுக்கும் ஓட்டவே நான் விரும்பியதால் சாதாரணப் புதுப்பித்தலைத் தேர்ந்தெடுத்தேன். அதன் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாயாக உயர்ந்திருந்தது. மூன்றெழுத்துப் பழைய பதிவெண்ணும் அப்படியே நிலைத்தது. ஆய்வுக்குச் செல்லுமுன் சேஸிஸ் எண் மீதிருந்த துருவையும் பழைய பெயின்டையும் மண்ணெண்ணெய்த் துணியால் பொறுமையாகத் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, எல்லா இலக்கமும் தெளிவாக விழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாது. எண் மழுங்கினால் அது திருத்தப்பட்டதோ என்ற ஐயம் எழும்.

இனி, ஸ்டார்ட் செய்யும் முறை. இதற்கு உடல் வலு தேவையில்லை. சாவியைத் திருப்பி, கிக்கரை மெதுவாக அழுத்தியபடியே ஹெட்லைட் மேலுள்ள ஆம்ப் மீட்டரைக் கவனிக்க வேண்டும். பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சிறு ஸ்விட்ச்) மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பாயிண்ட் திறக்கும் தருணத்தில் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரெஷன் லிவரைப் பிடித்துக் கிக்கரை இன்னும் சிறிதளவு தள்ளி, லிவரை விட்டு, கிக்கரை முழுவதும் மேலே வரவிட்டு, ஒரே சீராக மிதித்தால் பெரும்பாலும் முதல் மிதியிலேயே பிடித்துக்கொள்கிறது. இந்த ஒழுங்கை மீறி அவசரப்பட்ட ஒரு நாள், கிக்கர் திருப்பி அடித்ததில் கணுக்கால் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.

பெரிய தொல்லை தந்தது பாயிண்ட் செட். முதல் ஆண்டில் ஒரு கடையில் விலை குறைந்த ஒன்றை வாங்கிப் போட்டேன். தஞ்சாவூரிலிருந்து திரும்பும் வழியில், பாபநாசம் அருகே இரவு ஒன்பது மணிக்கு வண்டி இழுவை குறைந்து, இருமி, நின்றது. மூடியைத் திறந்து பார்த்தால், பாயிண்டைத் திறந்து மூடும் கேமில் உரசும் ஃபைபர் முனை 200 கிலோமீட்டருக்குள்ளேயே தேய்ந்து, இடைவெளி ஏறத்தாழ மூடிக்கொண்டிருந்தது. இடைவெளி குறைந்தால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறி விழும் நேரம் (டைமிங்) பின்தங்கும், எஞ்சின் சூடேறி வலுவிழக்கும். அங்கேயே இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து 0.38 மில்லிமீட்டருக்கு, மெக்கானிக்குகள் கணக்கில் 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), சரிசெய்து வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் சென்னை புதுப்பேட்டையில் பழைய இருப்பிலிருந்து ஒரு செட் தேடித் தருமாறு நண்பரிடம் சொன்னேன். அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அன்று முதல் 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடைவெளியை அளந்து, கேமில் ஒரு துளி கிரீஸ் தடவிவிடுகிறேன். கூடவே, எஞ்சின் நன்கு ஆறியிருக்கும்போது டேப்பட் மூடியைத் திறந்து ராக்கரை உந்தும் கம்பியான புஷ்ராடைப் பார்ப்பேன்: விரலால் சுழற்றினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

நாள்தோறும் ஓட்டுவதற்கு ஏற்றதா என்று பலர் கேட்கிறார்கள். 55 முதல் 60 வரையான வேகத்தில் ஓட்டினால் ஏற்றதுதான். அதற்கு மேல் கைப்பிடியில் அதிர்வு மிகுந்து விரல்கள் மரத்துப்போகின்றன. லிட்டருக்கு 32 முதல் 35 கிலோமீட்டர் கிடைக்கிறது. முதல் கியர் மேல்நோக்கியும் மற்ற மூன்றும் கீழ்நோக்கியும் விழுவதும், பிரேக் இடக்காலில் இருப்பதும் பழக எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. அதுவரை நெரிசலில் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்காதீர்கள், ஏனெனில் அவசரத்தில் கால் பழைய பழக்கத்தையே நாடும். கொல்லிமலைக்குச் சென்றபோது எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் வண்டி சளைக்காமல் ஏறியது. இரண்டாவது கியரில் அதன் இழுவையை அனுபவிப்பது தனி மகிழ்ச்சி. இறங்கும்போதுதான் டிரம் பிரேக்கின் எல்லை புரிந்தது. பாதி மலைக்கு மேல் லிவர் மெத்தென்று ஆகத் தொடங்கியதால், ஓரிடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் டிரம்மை ஆறவிட்டு, மீதித் தொலைவை இரண்டாவது கியரின் பிடிப்பிலேயே இறங்கினேன்.

பெட்ரோல் குறித்துத் தனியாகச் சொல்ல வேண்டும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலான பிறகு, பழைய ரப்பர் குழாய் ஊறித் தளர்ந்தது; கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் நீர்த்துளிகள் தென்பட்டன. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். இரும்பு டேங்கில் அது மீண்டும் துருவாகும். வினிகர் ஊற்றித் துரு நீக்கிய டேங்கைக் காக்க, இப்போது எப்போதும் முக்கால் அளவுக்கு மேல் நிரப்பி வைக்கிறேன். ஒரு வாரத்துக்கு மேல் நிற்குமென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் காலியாகும் வரை எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துகிறேன். எத்தனாலைத் தாங்கும் குழாய்க்கு மாறியபின் கசிவு இல்லை.

செலவு மொத்தம் 84,000 ரூபாய். அதில் எஞ்சினுக்கு மட்டும் 31,000. டேங்குக்குப் பெயின்ட் அடிக்கவில்லை. தூரிகையால் கையாலேயே இழுக்கப்பட்ட பொன்னிறக் கோடுகள் இன்னும் மங்கலாகத் தெரிகின்றன. இரு பக்கமும் பெரியப்பாவின் முழங்கால்கள் உரசி உரசிக் கருமை தேய்ந்து இரும்பு வெளுத்த தடங்கள் இருக்கின்றன. துரு பரவாமல் அவற்றின் மேல் மெழுகு மட்டும் பூசி வருகிறேன். ஓட்டும்போது என் முழங்கால்கள் அந்த இடத்தில்தான் படுகின்றன.

கடந்த மாதம் முதல், மேட்டில் ஏறும்போது கிளட்ச் லேசாக நழுவுகிறது. கேபிளைச் சரிசெய்தும் நிற்கவில்லை. பிளேட்டுகள் வாங்கி வைத்துவிட்டேன். ஐப்பசி மழை விட்டதும் கிளட்சை மூடியிருக்கும் பிரைமரி மூடியைத் திறக்கும்போது, உள்ளே இருக்கும் இரட்டைச் செயினின் தொய்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.