துணைவேந்தர்: அமைச்சர் நியமிப்பதா, ஆட்சிக்குழு தேர்வதா?

மலேசியாவில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் யார் பெரியவர் என்று கேட்டால், பட்டமளிப்பு விழாவில் மேடையேறும் வேந்தர், பேராக் சுல்தான் நஸ்ரின் ஷாவைத்தான் நம் பெற்றோர் சொல்வார்கள். ஆனால் அன்றாட நிர்வாகம் துணைவேந்தர் கையில். அவரை நியமிப்பது உயர்கல்வி அமைச்சர். 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டம் அப்படி. ஆலோசனை சொல்ல ஒரு குழு உண்டு, சரி, ஆனால் கடைசிக் கையெழுத்து அமைச்சருடையது. பல்கலைக்கழக வாரியத்தின், அதாவது அதன் ஆட்சிக்குழுவின், தலைவரும் அமைச்சரின் நியமனம்தான். 2012இல் பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் (யூ.எஸ்.எம்.) உட்பட சில பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சி கொடுத்தார்களே, அப்போதும் இந்த ஒன்றை மட்டும் விடவில்லை.

சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆட்சிக்குழுவே துணைவேந்தரைத் தேர்ந்தெடுக்கிறது, அதில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்களுக்கும் இடம் உண்டு. அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியத் துணைவேந்தர்கள் பலரின் ஆண்டுச் சம்பளம் பத்து லட்சம் டாலரைத் தாண்டுவது ஓயாத சண்டை.

நம் முறைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது: பணத்தில் பெரும்பகுதி அரசாங்கத்தினுடையது, கணக்குக் கேட்க ஓர் அமைச்சராவது இருக்கிறார். சிக்கல் என்னவென்றால், 2018க்கும் 2022க்கும் இடையில் நாட்டில் நான்கு முறை பிரதமர் மாறினார், அமைச்சர்களும் கூடவே மாறினார்கள். பதவி நீட்டிப்பை எதிர்பார்த்திருக்கும் துணைவேந்தர் வளாகத்தைப் பார்ப்பாரா, அமைச்சகங்கள் இருக்கும் புத்ராஜெயாவைப் பார்ப்பாரா? என் ஓட்டு சிட்னி முறைக்குத்தான். சம்பளத்துக்கு மட்டும் நாடாளுமன்றம் ஓர் உச்சவரம்பு போட்டுவிடட்டும்.