ஸ்லிண்ட்டின் ‘ஸ்பைடர்லேண்ட்’: பழைய சிடியா, 2014 பெட்டியா, ஒற்றை எல்பியா?

ஸ்லிண்ட் என்ற ராக் குழுவின் இந்த ஆல்பத்துக்குள்ள மூன்று பதிப்புகளில் நான் வாங்கியது ஒற்றை எல்பி (வினைல் இசைத்தட்டு), அதாவது பழைய பதிவின் ஒலியைப் புதிதாகச் சீரமைத்த 2014 ரீமாஸ்டர். யார் கேட்டாலும் அதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆல்பத்தின் கதை சுருக்கமாக: அமெரிக்காவின் லூயிவில் நகரத்துப் பையன்கள் நால்வர் 1990 ஆகஸ்டில் சிகாகோவில் பதிவு செய்தது. 1991 மார்ச்சில் டச் அண்ட் கோ இசை நிறுவனம் வெளியிடும்போது குழுவே கலைந்துபோயிருந்தது. மொத்தம் ஆறு உருப்படிகள், நாற்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒன்றில் குரலே கிடையாது. மற்றவற்றிலும் பெரும்பாலும் பேச்சும் முணுமுணுப்பும்தான். எடுத்துச் செல்வது கிதாரும் டிரம்ஸும். போஸ்ட்-ராக் என்று பின்னாளில் பேர் வாங்கிய வகைக்கு இது ஆரம்பப் பாடம்.

வந்த புதிதில் அதிகம் பேர் சீண்டவில்லை. பிரிட்டிஷ் இசை வார இதழான மெலடி மேக்கரில் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் அல்பினி மட்டும் பத்து நட்சத்திரம் கொடுத்து, பத்து வருடத்தில் இது மைல்கல்லாகிவிடும், அப்போது பிரதிக்கு அலைவீர்கள், இப்போதே வாங்குங்கள் என்று எழுதினார். 2014 மறுபதிப்புக்கு பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சனத் தளம் பத்துக்குப் பத்து போட்டது. தகுதியான மதிப்பெண்தான். ஆனால் அது 1991 இசைக்கும் அதைச் சுற்றி வளர்ந்த கதைக்கும் சேர்த்துக் கிடைத்தது. எந்தப் பதிப்பை வாங்குவது என்ற கேள்விக்கு அதில் விடை தேட முடியாது. அதற்கு அல்பினியின் பழைய விமர்சனமே எனக்கு உதவியது: கிதார்கள் மூக்குக்கு நேரே மிதக்கின்றன, டிரம்ஸ் நம் வீட்டுக் கூடத்தில் அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது என்கிறார். இவர்களின் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்தவர் என்பதால் கொஞ்சம் பாசம் கலந்திருக்கலாம். இருந்தாலும் அளவுகோல் சரியானது.

பழைய சிடி மலிவு, பராமரிப்பும் இல்லை. ஒலி அளவு தாழ்வு. குமிழைத் திருகிக்கொண்டால் ஒரு குறையும் பெரிதாகத் தெரியாது. அதன் பின்னட்டையிலேயே, இது வினைலில் கேட்க வேண்டிய பதிவு என்று அச்சடித்திருக்கிறார்கள்.

ஆல்பத்தோடு கூடுதல் பொருள்களும் அடங்கிய 2014 பெட்டி அழகானது. முதல் பதிப்பில் 3,138 பிரதிகள்தான் போட்டார்கள். வெளிவராத 14 பதிவுகள், 104 பக்கப் புத்தகம், லான்ஸ் பேங்ஸ் எடுத்த ஆவணப்படம் எல்லாம் உண்டு. நிலவறை ஒத்திகைப் பதிவுகளைக் கேட்டால் பாட்டு எப்படித் திரண்டது என்று புரியும். ஆனால் ஒருமுறை, இருமுறை கேட்டபின் நான் திரும்பிப் போகவில்லை. சேகரிப்பவர்களுக்கு வேறு கணக்கு இருக்கும்.

இனி எல்பி. ஒலிப் பொறியாளர் பாப் வெஸ்டன் மூல நாடாக்களிலிருந்து ரீமாஸ்டர் செய்தது. மறுபதிப்பு என்றாலே பயம் வரும். சத்தத்தை ஏற்றுவதற்காக உச்சங்களை நசுக்கிவிடுவார்கள். அப்படி நடந்திருந்தால் இந்த ஆல்பமே போயிற்று. ‘வாஷர்’ ஆறு நிமிடத்துக்கு மேல் அடங்கிய குரலில் நகர்ந்து, பிறகுதான் வெடிக்கிறது. அடக்கத்துக்கும் வெடிப்புக்கும் உள்ள இடைவெளிதான் அந்தப் பாட்டு. வெஸ்டன் அதைக் காப்பாற்றியிருக்கிறார். டிரம்ஸின் உடல் என் காதுக்கு சிடியைவிடக் கனமாகவே கேட்கிறது.

ஆனால் எல்பி வாங்குகிறவர் ஊசியைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். தட்டு சுற்றும் வேகம் மாறுவதில்லை. உள்ளே போகப் போக ஒரு சுற்றின் நீளம்தான் குறைகிறது. கடைசிப் பள்ளங்களில் அது விளிம்பில் இருந்ததில் பாதிகூட இல்லை. அதே ஒலி அவ்வளவு சின்ன இடத்தில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். இந்த ஆல்பத்தில் அந்த இடத்தில் இருப்பது எது? இரண்டாம் பக்கத்தின் முடிவு, ‘குட் மார்னிங், கேப்டன்’ பாட்டின் கடைசி நிமிடம், பிரையன் மக்மேன் “ஐ மிஸ் யூ” என்று கத்தும் இடம். மொத்த ஆல்பத்திலும் உரத்த கட்டம் தட்டின் மோசமான பகுதியில் விழுகிறது. தேய்ந்த கூம்பு ஊசியில் அந்த ‘மிஸ்’ஸின் ஸகரம் தாளிப்புச் சத்தமாகச் சிதறுகிறது. நீள்வட்ட ஊசி மாட்டி, ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜின் கோணத்தையும் ஊசி தட்டில் அழுத்தும் எடையையும் சரிசெய்தபின் அது தொண்டையிலிருந்து வரும் குரலானது. தூசியும் அப்படித்தான்: டிரம்ஸே இல்லாத ‘டான், அமான்’ ஓடும்போது ஒவ்வொரு துகளும் தனித்தனியாகக் கேட்கும். ஒவ்வொரு முறையும் தூரிகை போட வேண்டும், ரகத்தைப் பொறுத்து சில நூறு மணி நேரத்தில் ஊசி மாற்ற வேண்டும். இந்தச் செலவுக்குத் தயாரில்லை என்றால் சிடியே மேல். வினைல் என்ற பெயருக்காக வாங்க வேண்டாம்.

1991 அச்சு எல்பியை வேறொருவர் வீட்டில், வேறு கருவியில் கேட்டதோடு சரி. நன்றாக இருந்தது. ரீமாஸ்டரைவிட மேலா என்று தீர்ப்புச் சொல்ல அது போதாது. இன்று அதற்குக் கேட்கும் விலையைப் பார்த்தால், அந்தப் பணத்தில் ரீமாஸ்டரும் ஒரு நல்ல ஊசியும் வாங்கிவிடலாம்.